புல்லட்டுக்கு ஹேண்டில்பார் ரைசர் மாட்டப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு தினமும் பைக்கில் வந்து போகிறவர்கள் ஏராளம். குனிந்தே ஓட்டி முதுகும் மணிக்கட்டும் வலிக்கும்போது, "ஒரு ரைசர் மாட்டிடலாமா?" என்ற யோசனை வரும். மாட்டலாம். ஆனால், எவ்வளவு உயரம் என்பதை பிரேக் ஹோஸின் நீளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரைசர் என்றால் என்ன?

ஃபோர்க்கின் மேல்தட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் வைக்கும் உலோகத் துண்டுதான் ரைசர். இதை வாங்கும் முன், கிளாம்ப்பை லூஸ் செய்து ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். செலவே இல்லாமல் வலி குறையலாம்.

எந்த சைஸ்?

ஹேண்டில்பாரின் தடிமன் 22 மி.மீ., 25.4 மி.மீ., 28.6 மி.மீ. என பைக்கைப் பொறுத்து மாறும். அளந்து பார்த்து அதே சைஸில் வாங்குங்கள். 22 மி.மீ. பாருக்கு பெரிய கிளாம்ப் போட்டால் பிடிக்காது, வழுக்கும்.

எவ்வளவு உயரம்?

மாட்டியதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், வயரிங் எதுவும் விறைக்கக் கூடாது. அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டுக்குப் போனால், யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகவே சீறும். குட்டையான ரைசருக்கு மாறுங்கள், இல்லையென்றால் நீளமான ஹோஸ், கேபிள் போடுங்கள்.

போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ரைசர் வைத்த பிறகு பழைய போல்ட் எட்டாது. நாலு மரை பிடித்தாலும் டைட்டானது போலத் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போதுதான் கழன்று வரும். 8 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 12 மி.மீ. மரைக்குள் இறங்க வேண்டும். லேத்தில் கடைந்து வாங்கினாலும் போல்ட் 8.8 கிரேடாவது இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் மறுபடியும் செக் பண்ணுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். எனவே பைக் கம்பெனியே ரைசர் தருகிறதா என்று ஷோரூமில் முதலில் கேளுங்கள். வெளியில் வாங்குவதாக இருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டு மாட்டுங்கள்.