85இலிருந்து 46க்கு: ஹம்ட்ராமிக் நகரம் யாரைத் தண்டித்தது?

2024 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்தபோது எங்களில் பலர் கமலா ஹரிஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண் என்பதால் ஒரு சொந்தம். நான் தேடியதோ மிச்சிகன் மாநிலத்தின் ஒரு சிறு நகரத்து எண்களை. 2020இல் அங்கே ஜோ பைடனுக்குக் கிடைத்தது சுமார் 85 சதவீதம். நான்கே வருடங்களில் அதே கட்சியின் கமலாவுக்கு 46. ட்ரம்புக்கு 43. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெயினுக்கு 9.

அந்த நகரம் ஹம்ட்ராமிக். டெற்றோயிற் மாநகரத்தின் நடுவே ஒரு தீவு போலக் கிடக்கிறது. பரப்பளவு ஐந்து சதுர கிலோமீற்றர் அளவு, மக்கள் 28,000 பேர். டொட்ஜ் கார்த் தொழிற்சாலையை நம்பி வந்த போலந்துக்காரரின் ஊராக அது பல தசாப்தங்கள் இருந்தது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே 1987இல் வந்து போனார். ஆனால் தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டிருந்தது. பழையவர்கள் புறநகர்களுக்குப் போக, மலிவான வீடுகளுக்கு யெமனியரும் பங்களாதேஷ்காரரும் போரிலிருந்து தப்பிய பொஸ்னியரும் வந்தார்கள்.

வந்தவர்களின் வாக்கு இலகுவில் கிடைத்துவிடவில்லை. 1999 நகரசபைத் தேர்தலில், தோற்றத்தையும் பெயரையும் பார்த்து 'நீ குடிமகன்தானா?' என்று சிலரை வாக்குச்சாவடியில் மறித்தார்கள். பிரஜை என்று சத்தியம் செய்த பிறகே பலர் உள்ளே போக முடிந்தது. மத்திய நீதித் திணைக்களம் வழக்குப் போட்டது. அதன் பின் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள், பின்னாளில் வங்காள மொழியில் வாக்குச்சீட்டும் வந்தது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

2015இல் நகரசபையில் முஸ்லிம்கள் பெரும்பான்மையானார்கள். 2021 தேர்தலோடு முழுச் சபையுமே முஸ்லிம்கள். யெமனில் பிறந்த அமெர் காலிப் நகர முதல்வரானார். இவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்ததற்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது: 2017இல் ட்ரம்ப் போட்ட பயணத் தடைப் பட்டியலில் யெமனும் இருந்தது. பைடன் பதவியேற்ற அன்றே அதை நீக்கினார்.

பிறகு காஸா. அமெரிக்கக் குண்டுகளும் ஆயுதக் கப்பல்களும் தாங்கள் தெரிவுசெய்த ஜனாதிபதியின் பெயரில் போவதை இந்த ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. 2024 பெப்ரவரியில் நடந்த கட்சியின் உள் தேர்தலில் 'யாருக்கும் கட்டுப்படாதது' என்ற கட்டத்துக்கு மாநிலம் முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ஹம்ட்ராமிக்கில் அந்தக் கட்டமே பைடனை முந்தியது. அது எச்சரிக்கை. கட்சி அதைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். செப்டெம்பரில் காலிப் ட்ரம்பை ஆதரித்தார். ஒக்டோபரில் ட்ரம்ப் நேரிலேயே அந்தச் சிறு நகரத்துக்கு வந்தார்.

காஸா மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அது பாதிக் கதை. 2023இல் இதே நகரசபை பொதுக் கட்டடங்களில் ஒருபாலினத்தவரின் பெருமைக் கொடியைப் பறக்கவிடத் தடை போட்டது. சமய நம்பிக்கை ஆழமாக உள்ள குடும்பங்களுக்கு, பாடசாலையில் என்ன கற்பிக்கிறார்கள் என்ற விடயத்தில் குடியரசுக் கட்சி நெருக்கமாகவே தெரிந்தது. கோபம் கதவைத் திறந்தது, உள்ளே ஏற்கனவே ஒரு கதிரை போட்டிருந்தது.

'முஸ்லிம்கள் ட்ரம்பிடம் போய்விட்டார்கள்' என்ற தலைப்புகளும் சரியில்லை. ஹம்ட்ராமிக்கில் முதலாவதாக வந்தவர் கமலாதான். வாக்கு மூன்றாக உடைந்தது, அவ்வளவே. மிச்சிகனில் ட்ரம்பின் வெற்றி வித்தியாசம் சுமார் 80,000. இந்த நகரம் முழுவதும் ஒரே பக்கம் நின்றிருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது.

'தங்கள் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டார்கள்' என்று அந்த மக்களைச் சிலர் ஏளனம் செய்தார்கள். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. 2010 ஜனாதிபதித் தேர்தலில் என் அம்மா சரத் பொன்சேகாவுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்து அன்று முழுவதும் யாருடனும் கதைக்கவில்லை. முந்தைய ஆண்டு எங்கள் மீது நடந்த போரின் இராணுவத் தளபதி அவர். வடக்கு, கிழக்கில் பெரும்பாலான தமிழர்கள் அவருக்கே போட்டார்கள். அது அவர் மீதான விருப்பத்தால் அல்ல. மற்றவர் போகவேண்டும் என்பதற்காக.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் காலிப்பைக் குவைத்துக்கான தூதுவராக ட்ரம்ப் முன்மொழிந்தார். அதே மாதம் அமெரிக்க விமானங்கள் யெமனில் குண்டு போட்டன. ஜூனில் புதிய பயணத் தடை வந்தது. பட்டியலில் யெமன் மறுபடியும் இருந்தது.