பெயரில் வாழும் வரலாறு
(பாரிஸ் மாநகரின் நிலக்கீழ் நிலையமொன்று)

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் வரலாற்றின் எழுதாச் சுவடிகளாம். கல்லிற் பொறித்தவை சிதைவுற்ற பின்னரும், மக்கள் நாவிற் பயின்ற பெயர்கள் நிலைத்து நிற்றலைக் காண்கின்றோம். இவ்வுண்மை நிலத்தின் மேலுள்ள ஊர்களுக்கு மட்டுமன்றி, நிலத்தின் கீழமைந்த புகைவண்டி நிலையங்களுக்கும் பொருந்தும். பாரிஸ் மாநகரிலுள்ள ஒரு சிறு நிலையம் இதற்குத் தக்க சான்றாகும்.

நிலக்கீழ் இருப்புப்பாதையை முதன்முதல் அமைத்த நகரம் இலண்டன். 1863ஆம் ஆண்டில் அங்கு நீராவி எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன. அப்பாதையை அமைத்த கம்பனியார் அதற்கு 'மெற்றோபொலிற்றன்' எனப் பெயரிட்டனர். தலைநகர்க்குரியது என்பது அதன் பொருள். கிரேக்க மொழியில் 'தாய்நகர்' எனப் பொருள்படும் சொல்லே அதற்கு மூலம். 1900ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி பாரிஸிலே திறக்கப்பெற்ற மின்சாரப் பாதையும் அப்பெயரையே தழுவிற்று. மக்கள் அதனைக் குறுக்கி 'மெற்றோ' என வழங்கினர். இன்று உலகின் பல மொழிகளிலும் அக்குறுஞ்சொல்லே பயில்கின்றது.

பாரிஸ் மெற்றோவின் ஐந்தாம் இலக்கப் பாதையில், 1906ஆம் ஆண்டில் 'லான்கிறி' என்னும் நிலையம் திறக்கப்பெற்றது. அருகிலுள்ள தெருவின் பெயரே நிலையத்துக்கும் அமைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பெயர் வழங்கிற்று. பின்னர் அது மாறியதேன்?

1940ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி ஜேர்மானியப் படைகள் பாரிஸிற் புகுந்தன. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் திகதி இரவு, திருமண வைபவமொன்றிற் கலந்துகொண்டு மீண்ட நண்பர் சிலர், சென் லசார் புகையிரத நிலையத்தின் அருகே ஜேர்மானியப் படைவீரருடன் எதிர்பாராது மோத நேர்ந்தது. அக்கைகலப்பில் ஒரு படைவீரன் தாக்கப்பட்டான். நண்பர்கள் தப்பியோட, ஜாக் பொன்சேர்ஜான் என்னும் இருபத்தெட்டு வயதுப் பொறியியலாளர் மட்டும் பிடிபட்டார். உடனிருந்தோர் பெயரைக் கூறுமாறு வற்புறுத்தியும் அவர் வாய்திறந்திலர். படைநீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. டிசெம்பர் 23ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாரிஸில் ஜேர்மானியராற் சுடப்பட்ட முதற் குடிமகன் அவரே. அச்செய்தியை மக்களுக்கு அச்சமூட்டும் பொருட்டுச் சுவரொட்டிகளில் வெளியிட்டனர். மக்களோ அச்சுவரொட்டிகளின் கீழ் மலர்களை வைத்து அஞ்சலி செலுத்தினர்.

1944ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நகரம் விடுதலை பெற்றது. 1946இல் லான்கிறி நிலையம் 'ஜாக் பொன்சேர்ஜான்' எனப் புதுப்பெயர் பெற்றது. அக்காலத்திற் பெயர் மாறிய நிலையங்கள் வேறுஞ் சில உள. 'கொம்பா' என்ற நிலையம் 'கேணல் பபியேன்' ஆயிற்று. பியர் ஜோர்ஜ் என்னும் இயற்பெயருடைய அவ்வீரர், 1941ஆம் ஆண்டு ஓகஸ்ற் 21ஆம் திகதி மெற்றோ நிலையமொன்றிலேயே ஜேர்மானியக் கடற்படையினன் ஒருவனைச் சுட்டவர். பதினேழு வயதிற் சுட்டுக் கொல்லப்பட்ட கீ மொக்கே என்னும் மாணவனின் பெயரையும் ஒரு நிலையம் தாங்கி நிற்கின்றது.

இவர்களுள் பபியேன் ஆயுதம் ஏந்தியவர். பொன்சேர்ஜானோ படை நடத்தியவருமல்லர், இயக்கம் அமைத்தவருமல்லர். நண்பரைக் காட்டிக் கொடாத மௌனமே அவர்தம் வீரம். பேரரசரும் தளபதியரும் பெறும் பெருமையை, வாய்திறவாது மாண்ட ஓர் எளிய மனிதருக்கும் ஒரு நகரம் அளித்ததே இப்பெயர்மாற்றத்தின் சிறப்பு.

எனினும், பெயர் தானாகவே நினைவைக் காப்பதில்லை. வண்டியில் விரைவோர்க்கு அது இறங்குமிடத்தைக் காட்டும் ஓர் அடையாளமாய்ச் சுருங்கிவிடுதல் இயல்பு. அப்பெயர் யாருடையது, எதன்பொருட்டு இடப்பட்டது என ஒருவர் வினவ, மற்றொருவர் விடை பகரும் வரையிலேயே அதனுள் உறையும் வரலாறு உயிர் வாழும். அவ்வினாவை இளையோர் உள்ளத்தில் எழுப்புதல் கல்வியின் கடனாகும்.