உறங்கும் இயந்திரங்கள் – 17: கண் அயரும் அந்த நொடி

போனைத் தூங்கவிடாமல் தடுக்கும் வேக்லாக் என்ற பூட்டுக்காக ஆண்ட்ராய்டுகாரர்களும் லினக்ஸ் கெர்னல்காரர்களும் 2009 முதல் மல்லுக்கட்டியதைப் போன வாரம் பார்த்தோம். பைக்குள் சூடாகும் மடிக்கணினியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த எண் எதற்கென்று புரிய, ஒரு உப்பளத்துக்குப் போவோம். உப்பு வாரும் கோடையில் திடீர் மழை வந்தால் பெரிய நஷ்டம். பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும், குவித்த அம்பாரத்தையாவது மூடிக் காப்பாற்ற வேண்டும். மழை எச்சரிக்கை வரும்போது அளத்தில் வேலை செய்பவரின் செல்போன் சாப்பாட்டுப் பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். திரை அணைந்து பிரதான புராசஸர் நின்றிருக்க, மோடம் மட்டும் கோபுரத்தைக் கேட்டபடி இருக்கும்.

தூங்கும் போனை எழுப்புவது எளிது. மோடம் ஒரு சமிக்ஞை கொடுத்தால் புராசஸர் விழித்துக்கொள்ளும். சிக்கல், போன் தூங்கப் போகும் நொடியில் செய்தி வந்தால்தான். இயங்குதளத்தின் கருவான கெர்னல் செய்தியை வாங்கி வைத்திருக்கும். அதைப் படித்து மணியடிக்க வேண்டிய செயலியோ அதற்குள் உறைய வைக்கப்பட்டிருக்கும். போனும் அப்படியே தூங்கிவிடும். எச்சரிக்கை உள்ளேயே இருக்கும், யாருக்கும் கேட்காது.

கூகுளின் ஆர்வே யோனவோக் முன்வைத்த வேக்லாக் இந்த இடைவெளியைத்தான் அடைத்தது. செய்தி கைமாறும்வரை தூங்காதே என்று கெர்னலுக்குள்ளேயே ஒரு பூட்டு. கெர்னல் தரப்பில் ஆலன் காக்ஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. மொத்தக் கருவியையும் தூங்க வைப்பானேன், வேலையில்லாத பாகங்களைத் தனித்தனியே ஓய்வில் விடுங்கள் என்றார்கள். யார் எழுதினார்கள் என்றே தெரியாத செயலிகள் ஓடும் போனில் அது போதாது என்பது ஆண்ட்ராய்டு தரப்பின் பதில். என் மனம் இன்றும் அந்தப் பதிலின் பக்கம்தான்.

இந்த இழுபறிக்கு நடுவே, போலந்தைச் சேர்ந்த கெர்னல் நிரலர் ரஃபேல் விசோட்ஸ்கி ஒரு எண்ணிக்கையைக் கொண்டுவந்தார். 2010-ல் வெளியான 2.6.36 கெர்னலில் அது சேர்ந்தது. விழிப்பு நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை கூடும். தூங்க வைக்க நினைக்கும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். பாக்கி வேலை ஏதுமில்லை என்று பார்த்துவிட்டு, அதே எண்ணைக் கெர்னலிடம் திருப்பி எழுத வேண்டும். இடையில் எண் மாறியிருந்தால் கெர்னல் அதை ஏற்காது. ஏற்ற பிறகு, தூங்கும் வழியில் புது நிகழ்வு வந்தாலும் தூக்கம் ரத்து. இத்தனை ஆண்டுச் சண்டையில் நான் கண்ட மிக அழகான வடிவமைப்பு இதுதான். கெர்னலும் வெளி நிரலும் ஒரே எண்ணை ஒப்பிடுவதால், நடுவில் வந்த செய்தி தப்பவே முடியாது. 2012-ல் 3.5 கெர்னலில் தானாகத் தூங்க வைக்கும் ஆட்டோஸ்லீப்பும் வேக்லாக் போன்ற வசதியும் இதன் மேல்தான் கட்டப்பட்டன.

எதிர்த்தரப்பும் தோற்கவில்லை. பாகங்களைத் தனித்தனியே ஓய்வில் விடும் அவர்களுடைய எண்ணம், 2013-ல் 3.9 கெர்னலில் தூக்கத்தின் இன்னொரு வகையாகவே வந்தது. பையில் சூடாகும் மடிக்கணினியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த வாரம் அது.