தணிகை மலையடியில் தணியாத தாகம்



ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணிச் சாலைகளின் நிறமே மாறிவிடுகிறது. சித்தூர்ப் பக்கமிருந்தும் சென்னையிலிருந்தும் மக்கள் பூக்காவடியைத் தோளில் சுமந்து வெறுங்காலோடு வருகிறார்கள். தெலுங்கு பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் ஒரே குரலில் முழக்கமிடுகிறார்கள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில், ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக எண்ணப்படும் 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். அதே இரவில்தான் நாமும் புத்தாண்டுத் திருப்பலிக்குப் புறப்படுகிறோம்.

அவர்களுடைய நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிற சமயத்தாரின் இறைத்தேடலை மதிப்போடு நோக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்த மதிப்போடு சாலையோரம் நின்று பார்க்கும்போது ஒரு கேள்வி நம்மைத் தொடாமல் இராது. கடவுளுக்காக இப்படி ஏங்கி நாம் கடைசியாக நடந்தது எப்போது?

"நாமும்தான் வேளாங்கண்ணிக்கு நடக்கிறோமே" என்று நம் இளைஞர்கள் சொல்வார்கள். உண்மை. காவி உடுத்தி, சப்பரத்தை இழுத்துக்கொண்டு, செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு நாள்கணக்கில் நடக்கிறவர்களை நாம் பாராட்டுகிறோம். திரும்பி வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

இந்த ஊரின் பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். செரு என்றால் போர். போர் முடிந்து முருகனின் சினம் தணிந்த இடமாதலால் செருத்தணி, பிறகு திருத்தணி. தணிதல் என்பது நல்ல சொல். கோபம் தணியும், காய்ச்சல் தணியும், தாகம் தணியும். நம்மில் பலர் செபத்திடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், வீட்டுக் கடன், அம்மாவின் சர்க்கரை நோய். நவநாள் முடிந்து, காரியம் கைகூடி, மனம் தணிய வேண்டும். இப்படிக் கேட்பதில் தவறில்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால் காரியம் முடிந்த கையோடு செபமும் தணிந்துபோகிறது என்றால், நாம் தேடியது யாரை?

யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் வரும் சமாரியப் பெண்ணும் காரியமாகத்தான் கிணற்றுக்கு வந்தார். குடம் நிறைய வேண்டும், அவ்வளவுதான். அவருடைய ஊரும் ஒரு மலையை அண்டிய ஊர். எந்த மலையில் வழிபடுவது, கெரிசிமிலா எருசலேமிலா என்று அவர் ஒரு வழக்கையே எடுத்து வைக்கிறார். இயேசு அந்த வழக்கில் நிற்கவில்லை. தந்தையை உள்ளத்தில் உண்மையாய் வழிபடும் மக்களைத் தந்தையே தேடிக்கொண்டிருக்கிறார் என்ற பக்கம் பேச்சைத் திருப்புகிறார். இந்த உரையாடல் எப்படித் தொடங்கியது என்பதை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். நண்பகலில், நடந்து களைத்து, முதலில் தண்ணீர் கேட்டவர் இயேசு. நாம் ஏங்குவதற்கு முன்பே நமக்காக ஏங்குகிறவர் அவர்.

அன்னை தெரேசா இதை ஆழமாய்ப் பிடித்துக்கொண்டார். அவருடைய சபைச் சிற்றாலயங்களில், சிலுவைக்கு அருகே, இயேசு சிலுவையில் தம் தாகத்தைச் சொன்ன சொல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் பலரைத் திகைக்க வைத்தன. பல்லாண்டுகள் கடவுளின் உடனிருப்பை அவர் உணரவே இல்லை. எல்லாம் வறட்சி. ஆயினும் செபத்தை விடவில்லை, ஏழைகளையும் விடவில்லை. "செபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, அதனால் விட்டுவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். இறைவேட்கை என்பது இனிமையான உணர்வு அல்ல. உணர்வு இல்லாதபோதும் அவரைத் தேடுவதுதான் அது.

ஏன் கடவுள் காத்திருக்க வைக்கிறார்? புனித அகுஸ்தினார் இதற்கு ஒரு பையை உவமை சொன்னார். கொள்ள வேண்டியது அதிகம், பை சிறிது என்றால், முதலில் பையை விரித்துப் பெரிதாக்குவோம். கடவுள் தாமதிப்பதும் நம் ஏக்கத்தை நீட்டி உள்ளத்தை விரிவாக்கத்தான் என்றார். நெல் மூட்டை கட்டிப் பழகிய நம் மக்களுக்கு இது எளிதில் புரியும்.

நம் மண்ணிலேயே இப்படிக் காத்திருந்தவர் ஒருவர் உண்டு. பிரான்சின் லியோன் நகர்க் குரு அருள்தந்தை ஜூல் மொன்ஷானின் 1939-இல் இந்தியா வந்தார். ஆழ்ந்த தியான வாழ்வுக்கு ஏங்கி வந்தவருக்குக் கிடைத்தது திருச்சி மறைமாவட்டத்தின் சிற்றூர்களில் பங்குப்பணி. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். 1950-இல்தான், தாய்நாட்டில் பல ஆண்டுகள் இதே ஏக்கத்தோடு இருந்து 1948-இல் வந்து சேர்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோவுடன் சேர்ந்து, குளித்தலை அருகே காவிரிக் கரையில் ஆசிரமம் அமைத்தார். ஊரின் பெயர் தண்ணீர்ப்பள்ளி. ஆசிரமத்துக்கு மூவொரு கடவுளை நினைத்துச் சச்சிதானந்தம் என்று பெயரிட்டார்கள். மக்கள் அறிந்த பெயர் சாந்திவனம். அவர் காலத்தில் அங்கே சீடர்கள் திரளவில்லை. நோயுற்று, சிகிச்சைக்காகப் பாரிஸ் சென்று, 1957-இல் அங்கேயே இறந்தார். உலகக் கணக்கில் இது தோல்வி. 1968-இல் பீட் கிரிபித்ஸ் அடிகளார் வந்த பிறகுதான் பல நாட்டாரும் அங்கே தேடி வரத் தொடங்கினார்கள்.

நாம் ஆசிரமம் அமைக்க வேண்டாம். வீட்டில் இருந்தபடியே தொடங்க ஒரு பழைய வழி இருக்கிறது. நம் தாத்தா பாட்டி காலத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று 1953-இல் அனுமதி வந்தது. 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று, 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. தளர்த்தியது நல்லதுதான். முதியவர்களும் தொலைவிலிருந்து வருகிறவர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் வயிறு பசித்து வரிசையில் நின்றவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்பது உடம்புக்கே தெரிந்திருந்தது. இன்று அந்த ஒரு மணி நேரத்தையும் நாம் எண்ணுவதில்லை. டீக்கடையிலிருந்து நேராகக் கோவிலுக்கு, அதுவும் மறையுரை பாதியில் இருக்கும்போது.

வரும் ஞாயிறு அந்த ஒரு மணி நேரத்தை வேண்டுமென்றே காப்போம். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பாக வந்து, ஒன்றும் கேட்காமல் நற்கருணைப் பேழைக்கு முன் அமர்வோம். சனிக்கிழமை இரவே அந்தக் கிணற்றடி நற்செய்தியைக் குடும்பமாக ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் கடினம், ஐந்து போதும்.