பனியாறு அரைத்த நீலம்

கனடா தேசத்தின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத்தொடரின் நடுவே கிடக்கும் லூயிஸ் ஏரியின் வர்ணப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், அச்சுக்கூடத்துக்காரர் மையைச் சற்றுத் தாராளமாகவே செலவிட்டுவிட்டார் என்று எண்ணுவது சகஜம். நீலமென்றும் சொல்ல முடியாமல், பச்சையென்றும் சொல்ல முடியாமல், உள்ளிருந்தே ஒளிவிடுவதாகத் தோன்றும் அப்படியொரு நிறம் தண்ணீருக்கு இயற்கையாக அமையும் என்பதை நேரில் காணாத மனம் எளிதில் ஒப்புவதில்லை. படத்தில் மோசம் ஒன்றும் இல்லை. ஜூலை மாதத்து வெயிலில் அந்தக் கரையில் நின்றவர்கள், படம்தான் குறைத்துச் சொல்லிவிட்டது என்பார்கள்.

ஜூலை என்று குறிப்பிடக் காரணம் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் இந்த ஏரி நவம்பரில் உறைந்தால், பெரும்பாலும் ஜூன் தொடக்கம் வரையில் உறைந்தே கிடக்கும். வசந்தகாலம் என்ற பெயரை நம்பி மே மாதத்துக்குப் பயணச்சீட்டு வாங்கியவர்கள், நீலத்தைத் தேடிப் போய் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பனிக்கட்டி விலகிய முதல் நாட்களிலும் ஏரி கருநீலமாகத்தான் இருக்கும். நிறம் ஏறவேண்டுமானால் வெயில் ஏறவேண்டும். இந்தச் சம்பந்தம் எப்படி ஏற்படுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள், பெரிய ஓட்டலுக்கு எதிரே கூடி நிற்கும் ஜனத்திரளை விட்டு விலகி, கரையோரமாகவே இரண்டு கிலோமீட்டர் நடந்து ஏரியின் மறுகோடிக்குப் போகவேண்டும்.

மறுகோடியில் படம் பிடிக்கத்தக்கது ஒன்றும் இல்லை. சேறு படிந்த திட்டுகளுக்கு இடையே, பல கிளைகளாகப் பிரிந்து, சாம்பல் நிறத்தில் ஓர் ஓடை வந்து ஏரியில் விழுகிறது. 3,464 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரத்தின் பனியாறுகள் உருகிவரும் ஜலம் அது. ஒரு கண்ணாடித் தம்ளரில் முகந்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், ஏரியில் கண்ட நீலம் அதில் துளியும் இராது; வெறும் கலங்கல். அசைக்காமல் வைத்தாலும் அது லேசில் தெளிவதில்லை. அடியில் படிந்ததை விரலிடையே தேய்த்துப் பார்த்தால் மணலின் நறநறப்புக்கூடத் தட்டுப்படாமல் வழுவழுவென்றிருக்கும்.

அது பாறையின் மாவு. பனியாறு என்பது மலைச்சரிவில் பல்லாண்டுகளாகக் குவிந்த பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கீழ்நோக்கி நகர்வது. அதன் அடிப்புறத்தில் பெரிதும் சிறிதுமாகக் கற்கள் உறைந்து ஒட்டியிருக்கின்றன. ஆகவே அது நகரும்போது, திரிகையின் மேற்கல் சுழல்வதுபோலத் தன் கீழுள்ள பாறையைத் தேய்க்கிறது. இந்தத் திரிகைக்குத் தானியம் தேவையில்லை, கல்லே கல்லை அரைத்துக்கொள்கிறது. கோடையில் உருகும் தண்ணீர் அந்த மாவை ஏரிக்குச் சுமந்து வருகிறது. கனத்த துகள்கள் முகத்துவாரத்திலேயே படிந்து சேறாகிவிட, மிகவும் நுண்ணியவை மட்டும் மூழ்காமல், நீரெங்கும் மிதந்து பரவுகின்றன. சூரிய கிரணத்தில் அடங்கிய நிறங்களுள் சிவப்பைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது; எஞ்சிய நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. வெயில் கடுக்கக் கடுக்க உருகுதலும் மிகுந்து, மாவும் மிகுந்து, ஆடிமாதத்து உச்சியில் நிறமும் உச்சத்தை அடைகிறது.

இதற்குச் சாட்சி வேண்டுமானால், அதே கரையிலிருந்து புறப்படும் காட்டுப்பாதையில் மூன்றரைக் கிலோமீட்டர் ஏறி ஆக்னஸ் ஏரியைப் பார்க்கலாம். கனடாவின் முதல் பிரதம மந்திரியுடைய மனைவியாரின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறு ஏரியும் பனியாறு குடைந்த பள்ளமே; ஆனால் குடைந்த பனியாறு மறைந்து வெகுகாலமாயிற்று. அரைப்பவர் இல்லாததால் மாவும் இல்லை. தண்ணீர் தெளிந்து, இருண்ட பச்சையாக இருக்கிறது. அங்கே ஒரு தேநீர் விடுதி உண்டு. ரயில்வே கம்பெனியார் குடில் கட்டிய அந்த இடத்தில் 1905 முதல் தேநீர் கொடுத்துவருகிறார்கள். மின்சாரம் கிடையாது, அன்றாடச் சாமான்களைப் பணியாளர்கள் முதுகில் சுமந்தே ஏறுகிறார்கள். விலையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் அந்தச் சுமையை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது.

லூயிஸ் ஏரியைக் 'கண்டுபிடித்தவர்' என்று நூல்கள் டாம் வில்ஸன் என்பவரைக் குறிப்பிடும். கனடியன் பசிபிக் ரயில்பாதைக்காக நிலம் அளக்க வந்த கூட்டத்தில் குதிரை ஓட்டிச் சென்ற அவர், 1882-ல் ஒரு நாள் மலையில் இடிமுழக்கம் கேட்டு, அது ஏரிக்கு மேலே பனி சரியும் ஓசை என்று ஸ்டோனி நகோடா குடிகள் சொல்லக் கேட்டு, அவர்களுள் ஒருவரான எட்வின் ஹண்டர் என்பவர் வழிகாட்ட அங்கே சென்றார். வழிகாட்டியவருக்கு முன்பே தெரிந்த ஒன்றை வழியில் சென்றவர் கண்டுபிடித்தார் என்பது சரித்திர ஆசிரியர்களுக்கே உரிய கணக்கு. 1885-ல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒதுக்கிய சிறு நிலமே விரிந்து, 1887-ல் கனடாவின் முதல் தேசியப் பூங்காவாகி, இன்று பான்ஃப் என்ற பெயரில் இந்த ஏரியையும் உள்ளடக்கி 6,641 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. அது விரிந்த காலத்திலேயே, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய அக்குடிகளுக்கு அதன் எல்லை அடைபட்டதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

லூயிஸ் ஏரிக்கு அடுத்தபடியாகப் பிரயாணிகள் நாடும் மொரைன் ஏரி, பத்துச் சிகரங்கள் வரிசையாகக் காவல் நிற்கும் பள்ளத்தாக்கில், 1,884 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1969-லும் 1979-லும் வெளியான கனடாவின் இருபது டாலர் நோட்டின் பின்புறத்தில் இடம்பெற்ற காட்சி அதுதான். ஏரியின் வாயிலில் மேடாகக் குவிந்திருக்கும் கற்களைப் பனியாறு தள்ளிவந்து போட்டது என்று கருதி, அத்தகைய குவியலைக் குறிக்கும் 'மொரைன்' என்ற சொல்லையே 1899-ல் வால்ட்டர் வில்காக்ஸ் என்பவர் ஏரிக்குப் பெயராக இட்டார். பக்கத்து மலையே சரிந்து விழுந்த குவியல் என்பதுதான் இப்போது பெரும்பாலார் கருத்து. எதுவாயினும், அந்தக் கற்குவியலின் உச்சிக்கு ஏறினாலன்றி நோட்டில் கண்ட காட்சி கிட்டாது. சொந்தக் காரில் அங்கே போக 2023 முதல் அனுமதி இல்லை. பெரும்பாலோர் முன்பதிவு செய்துகொண்டு பஸ்ஸில் போகிறார்கள். கரடிகள் நடமாடும் காலத்தில், அங்கிருந்து கிளம்பும் சில பாதைகளில் நால்வருக்குக் குறையாமல் சேர்ந்து நடக்கவேண்டுமென்று உத்தரவும் போடுவதுண்டு.

இவ்வளவு உயரத்தில், இவ்வளவு குளிரில் இருக்கும் ஏரிகளை மனிதன் கை தீண்டியிராது என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இதைவிடப் பெரிய மயக்கம் வேறில்லை. அருவிகளும் செங்குத்தான பாறைகளும் குறுக்கிடுவதால் இந்த ஏரிகளில் பலவற்றுக்கு மீன்கள் ஏறிவந்ததே இல்லை. தூண்டில்காரர்களின் திருப்திக்காக இருபதாம் நூற்றாண்டில் பூங்கா நிர்வாகமே குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டது. பிக்ஹார்ன் என்னும் சிறு ஏரியில் 1965-லும் 1966-லும் விட்ட டிரௌட் மீன்கள் பெருகி, இறாலின் தூரத்து உறவான, இரண்டு மூன்று மில்லிமீட்டரே நீளமுள்ள ஓட்டுயிரை அடியோடு தின்று தீர்த்தன. மீன் வருமுன் அந்த நீருலகின் பெரிய வேட்டைப் பிராணி அதுதான். அது போனபின் அதற்குக் கீழ்ப்பட்ட உயிர்களின் கணக்கெல்லாம் மாறிவிட்டது. கரையில் நிற்பவருக்கோ ஒரு மாற்றமும் தெரியாது. நீர் பழைய நீராகவே மின்னிக்கொண்டிருக்கும். 1990-களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் அங்கே செவுள் வலைகளை இட்டு, மருந்து எதுவும் கலக்காமல், கடைசி மீன் வரையில் பிடித்தெடுத்தார்கள். வேறோர் ஏரியில், மீன்கள் தாமே அழிந்தபின்பும் அந்த ஓட்டுயிர் திரும்பாததால், இன்னோர் ஏரியிலிருந்து அதை எடுத்துவந்து விட்டார்கள். காப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு நிர்வாகம், தான் முன்னே செய்ததை ஒவ்வொன்றாக அழித்தெழுதும் இந்தப் பொறுமையான காரியம், படகுச் சவாரியைக் காட்டிலும் பார்க்கத்தக்கது; ஆனால் அதற்கு டிக்கெட் விற்பதில்லை.

லூயிஸிலிருந்து வடக்கே ஜாஸ்பர் வரையில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் ஓடும் மலைச்சாலையில், அதன் மிக உயர்ந்த இடமாகிய போ கணவாயை அடைந்து, சிறிது தூரம் நடந்தால் பீட்டோ ஏரி காலுக்குக் கீழே நெடுந்தூரத்தில் தெரிகிறது. இங்கிலாந்திலிருந்து வந்து இம்மலைகளில் வழிகாட்டியாகவும் பிற்காலத்தில் பூங்காக் காவலராகவும் வாழ்ந்த பில் பீட்டோவின் பெயர் அதற்கு. மற்ற ஏரிகளைக் கரையில் நின்று பார்க்கிறோம். இதை மேலிருந்து பார்ப்பதால், ஒரு முனையில் ஓடை கொண்டுவரும் வண்டல் விசிறியாக விரிவதும், அந்தச் சாம்பல் மெல்ல மெல்ல நீலமாவதும் தேசப்படத்தைப் பார்ப்பதுபோல் விளங்குகின்றன. கலங்கலை அனுப்பும் பீட்டோ பனியாற்றை 1960-களிலிருந்து அளந்து வருகிறார்கள். அது இடைவிடாமல் மெலிந்து பின்வாங்குகிறது. பின்வாங்கிய பள்ளத்தில், பனியாற்றின் நுனியிலேயே, புதிய ஏரி ஒன்று தேங்கிவிட்டது. அரைத்த மாவை இனி முதலில் வாங்கிக்கொள்வது அந்த ஏரிதான். கீழே உள்ள பீட்டோ ஏரிக்குக் கிடைப்பது அது தன்னிடம் படியவைத்துக்கொண்டு வடித்து அனுப்பும் மிச்சம்.