காசாளர் கேள்வி கேட்டால் கோபம் வேண்டாம்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பெற்ற உங்களுக்கும் இந்தச் செய்தி பயன்படும்.

கிளமெண்டியில் ஒரு வங்கிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இவ்வளவு பணம் எதற்கு? யாருக்கு? அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று காசாளர் கேட்கிறார். 'என் காசுக்கு இவர் யார் கணக்குக் கேட்க?' என்று கோபம் வரும். ஆனால் அவர் கவனிப்பது வேறு. சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் எடுக்க வரும் மூதாட்டி. அவர் காதைவிட்டு எடுக்காத தொலைபேசி. சிறு சம்பளக்காரரின் கணக்கில் பெருந்தொகை வந்து, அன்றே வெளியே போவது.

சந்தேகம் வந்தால் காசாளர் மேலதிகாரியிடம் சொல்வார். வங்கி காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பும். இது சட்டக் கடமை. விசாரணை கெடும் என்பதால் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லக்கூடாது. 2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவர் பிடிபட்டு, 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் முடக்கப்பட்ட வழக்கிலும் இத்தகைய அறிக்கைகள் துணைநின்றன.

2025 ஜூலை முதல், ஏமாறுகிறவர் பிடிவாதம் பிடித்தாலும் அவர் பணம் வெளியேறாமல் சில காலம் தடுத்து வைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

பெற்றோர்களே, பிள்ளைகளுடன் பேசும்போது இதையும் சொல்லுங்கள். "உன் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பவனை நம்ப வேண்டாம். கணக்கை இரவல் கொடுத்தவனும் சிறைக்குப் போக நேரும். காசாளரிடம் உண்மையைச் சொல்லட்டும். ஐயம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைக்கட்டும். வியர்வை சிந்திச் சேர்த்த காசு அல்லவா?