சமையலறைச் சொற்களும் நுண்ணுயிர்ச் செயல்களும்: உறைதல், புளித்தல், ஊசுதல்

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணுயிர் என்றவுடன் நோயே பலர்க்கும் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அன்றாட உணவில் நிகழும் நுண்ணுயிர்ச் செயல்களைத் தமிழரின் வீட்டுவழக்கு தனித்தனி வினைச்சொற்களால் பிரித்தறிந்து வந்துள்ளது. அச்சொற்கள் குறிக்கும் உயிரியல் நிகழ்வுகளையும், அவற்றால் குறிக்க இயலாத ஓர் இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாக்டீரியா, நொதித்தல், தயிர், இட்லி மாவு, பழைய சோறு, சொல்வழக்கு

முன்னுரை

‘கிருமி’ என்பது புழுவைக் குறித்த வடசொல். இன்று அது நோய் தரும் நுண்ணுயிர்க்குப் பெயராகிவிட்டது. கிருமிநாசினி விளம்பரங்கள் அப்பொருளை மேலும் இறுக்கியுள்ளன. பாடநூல்கள் நடுநிலையான சொற்களையே ஆள்கின்றன. தமிழகத்தில் பாக்டீரியா, ஈஸ்ட், நொதி எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே பற்றீரியா, மதுவம், நொதியம் என வழங்குகின்றன.

பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.5 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை நீளமுடையவை. இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுடையவற்றை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் 500 அடங்கும். ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1676இல் இவற்றை நீரில் கண்டு எழுதினார். 1683இல் பல்லிடுக்கு அழுக்கிலும் கண்டார். பால்பொருள் புளிப்பதற்கு உயிரிகளே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1857இல்தான் எடுத்துரைத்தார். செயலை அறியக் காரணத்தை அறிந்திருக்க வேண்டியதில்லை. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலின் தலைவி கட்டித்தயிரைக் கையால் பிசைந்து சமைக்கிறாள். தயிர் தோய்த்தல் அக்காலத்திலேயே வீட்டுத்தொழிலாக நிலைபெற்றிருந்தது.

உறைதல்

காய்ச்சிய பாலைக் கைபொறுக்கும் சூட்டிற்கு ஆற்றி உறைமோர் விடுவது வழக்கம். சில வட்டாரங்களில் இதனைப் பிரை என்பர். காய்ச்சும்போது பாலில் முன்பிருந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி அழிகிறது. எனவே உறைமோரிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்குப் போட்டியில்லாக் களம் கிடைக்கிறது. சூடு மிகுந்தால் அவையும் மடியும். குளிர்ந்துவிட்டால் பெருக்கம் மந்தமாகும். அவை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலகாரக் குறியீடு ஏறத்தாழ 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசின் என்னும் புரதத்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தை இழந்து திரள்கின்றன.

நீர் பனிக்கட்டியாவதும் குருதி கட்டுவதும்கூடத் தமிழில் உறைதலே. ஆகவே இச்சொல் விளைவைக் கூறுகிறதேயன்றிக் காரணத்தைக் கூறவில்லை. ஆனால் உறைமோர் என்னும் கூட்டுச்சொல் காரணத்தை நெருங்குகிறது. நேற்றைய தயிரில் ஒரு துளியே இன்றைய தயிரை ஆக்கும் என்ற அறிவு அதில் அடங்கியுள்ளது.

பொங்குதலும் புளித்தலும்

இட்லி மாவிற்கு எவரும் உறை ஊற்றுவதில்லை. அப்படியெனில் நுண்ணுயிர் எங்கிருந்து வருகிறது? ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. உளுந்தின் மேலேயே உள்ள பாக்டீரியாக்கள் ஊறவைக்கும்போது பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். ரொட்டி மாவு உப்புவது ஈஸ்டினால் என்பதால் இட்லி மாவிற்கும் அதுவே காரணம் எனக் கருதுவோர் உண்டு. இங்கே அப்பணியை முதன்மையாகச் செய்வது பாக்டீரியா.

இவ்விடத்தில் வீட்டுவழக்கின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘மாவு பொங்கிவிட்டது’ என்பதும் ‘மாவு புளித்துவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. லூக்கோனாஸ்டாக் சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலத்தோடு எத்தனாலையும் கார்பன் டைஆக்சைடு வாயுவையும் வெளியிடுகிறது. எனவே மாவு பொங்கவும் செய்கிறது, புளிக்கவும் செய்கிறது. அதன்பின் ஓங்கும் வேறு சில பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அமிலத்தை மட்டுமே தருகின்றன. அதனால்தான் நெடுநேரம் வைத்த மாவு அமுங்கிப்போய்ப் புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே செல்கிறது. பாடநூல்களின் ‘நொதித்தல்’ என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடும் இவ்வேறுபாட்டை இரண்டு வினைகள் காட்டிவிடுகின்றன. அரிசியில் கோதுமையின் பசைப்புரதம் இல்லை. உளுந்தின் புரதமும் வழவழப்பான பசைப்பொருளும் சேர்ந்தே வாயுக்குமிழிகளைப் பிடித்துவைக்கின்றன.

ஊசுதல்

பழகிய குழம்பு ‘ஊசிவிட்டது’ என்றால் புளிப்பு அன்று. நாற்றமும் கொழகொழப்பும் நூல் விடுதலும் குறிக்கப்படுகின்றன. இவை பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைப்பதாலும் பிசின்போன்ற சர்க்கரைச் சேர்மங்களைச் சுரப்பதாலும் உண்டாகின்றன. நூல்விடுதலைக் கொண்டு இவ்வினையைத் தையல் ஊசியோடு இணைத்து வேர்ச்சொல் கூறுவது தகுந்த சான்றின்றிச் செய்யத்தக்கதன்று. பூசணம் பூத்தல் வேறொன்று. அது பூஞ்சையின் செயல்.

சொல் எட்டாத இடம்

இச்சொற்கள் யாவும் நாவும் மூக்கும் கண்ணும் தந்தவை. புலனுக்கு எட்டாததை அவை குறிப்பதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் மடியாமல் எஞ்சக்கூடும். வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில இனங்கள் வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சோற்றிலேயே சுரக்கின்றன. அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. நாற்றமோ சுவைமாற்றமோ தோன்றாமலேயே இது நிகழக்கூடும்.

பழைய சோற்றில் நீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பு ஏறியபின் பேசில்லஸ் சீரியஸ் வளர்வது தடைபடுகிறது. ஆனால் அதற்குமுன் உருவாகிவிட்ட நச்சைப் புளிப்பு நீக்காது. எனவே நீர் ஊற்றுவதற்குமுன் சோறு எவ்வளவு நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தது என்பதே முதன்மையான வினாவாகிறது.

இதற்கு வீட்டுவழக்கில் தனிவினை இல்லை. ‘உணவு நஞ்சாதல்’ என்ற தொடர் பாடநூலில் இருந்தும் பேச்சில் அவ்வளவாக இறங்கவில்லை. இரண்டையும் ‘கெட்டுப்போதல்’ என்றே கற்கும் மாணவர், வைத்த சோறு உண்ணத்தக்கதா என்பதை முகர்ந்துபார்த்தே முடிவுசெய்வார்.